முதுகுவலி சார்ட்டை ஓரம் தள்ளாதீர்கள்: கோடிங் மேனேஜர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிண்டியிலும் ஓஎம்ஆரிலும் திருச்சியிலும் கோவையிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதியதை இன்சூரன்ஸ் கிளெய்முக்கான நோய், சிகிச்சைக் கோடுகளாக மாற்றும் வேலை) செய்து தரும் நிறுவனங்களின் ஆபரேஷன்ஸ் மேனேஜர்கள், க்யூஏ ஆடிட்டர்கள், டிரெய்னர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு கோடர். அவுட்பேஷண்ட், எமர்ஜென்சி, பெயின் மேனேஜ்மென்ட் என்று மாறி மாறி வேலை பார்த்திருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு வகை சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மாதக்கணக்கில் விடாமல் இருக்கிற முதுகுவலி, இடுப்புவலி, அப்புறம் விலா எலும்புக்குக் கீழே பக்கவாட்டில் வருகிற வலி, நாமெல்லாம் ஃபிளாங்க் பெயின் என்று சொல்கிறோமே, அது. எல்லா ஃப்ளோரிலும் இதற்கு "ஈசி சார்ட்" என்றுதான் பெயர். டிரெய்னிங் முடித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். மணிக்கு இத்தனை என்று வைக்கும் டார்கெட்டும் இதற்குத்தான் அதிகம். "பேக் பெயின்தானே, எம்54.50 போட்டுட்டு அடுத்ததுக்குப் போ" (வகை குறிப்பிடாத கீழ்முதுகுவலிக்கான கோட் அது) என்று டீம் லீட் சொல்வதைக் கேட்காத கோடர் யாரும் இருக்க முடியாது.

இந்த சார்ட் ஈசி இல்லை. எலும்பு முறிவு சார்ட் ஈசி, டாக்டர் எந்த எலும்பு, எந்தப் பக்கம், எப்படி விழுந்தார் என்று எழுதியிருப்பார், எக்ஸ்ரே இருக்கும், கோட் தானாக வந்து நிற்கும். மாசக்கணக்கில் வலிக்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை என்கிற சார்ட்டில் எதுவும் தானாக வராது. டாக்டருக்கே முழுசாகத் தெரியாத ஒன்றை அவர் எழுதிய வரிகளுக்குள் நின்று, கூட்டாமல் குறைக்காமல், ஒரு கோடாக மாற்ற வேண்டும். அதற்குப் படிக்க நேரம் வேண்டும், புரியாத இடத்தில் கேட்கிற உரிமை வேண்டும். இந்த இரண்டையும்தான் உங்களிடம் கேட்கிறேன், ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனி நோயாளியுடையதும் இல்லை, பல இடங்களில் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். அறுபது தாண்டிய ஆண். ஆறு மாதமாக இடது ஃபிளாங்கில் விட்டு விட்டு வலி, கூடவே கீழ்முதுகிலும். முன்பு ஒருமுறை கிட்னி ஸ்டோன் வந்து போயிருக்கிறது. புரோஸ்டேட் கேன்சருக்கு சிகிச்சை முடிந்து சில வருடம் ஆகிறது. டாக்டர் அசெஸ்மென்டில் எழுதியிருப்பது: தொடர்ந்து நீடிக்கும் முதுகுவலி, ஃபிளாங்க் வலி, கல் இருக்கலாம், சிடி எடுக்கவும். எக்ஸாம் பகுதியில் "வலது பக்கம் தட்டினால் வலி" என்று ஒரு வரி, அது டெம்ப்ளேட்டிலிருந்து வந்ததா, நிஜமாகப் பார்த்து எழுதியதா, தெரியாது. இதை நம் ஃப்ளோரில் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து விதமாக வரும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம், பிரச்சினை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் "குரோனிக்", அதாவது நாள்பட்ட வலி என்கிற விவகாரம். டாக்டர் "ஆறு மாதமாக", "தொடர்ந்து நீடிக்கும்" என்றெல்லாம் எழுதியிருக்கிறார், குரோனிக் என்று எங்கேயும் எழுதவில்லை. நாள்பட்ட வலிக்கான ஜி89.29 சேர்க்கலாமா? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சேர்த்தால் ஒரு ஆடிட்டர் எரர் போடுவார், சேர்க்காவிட்டால் இன்னொரு ஆடிட்டர் எரர் போடுவார். இருவருமே கைட்லைன் என்றுதான் சொல்வார்கள். ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் கோட் தொகுப்பின் கைட்லைன் இதில் தெளிவாகவே பேசுகிறது. வலி எப்போது குரோனிக் ஆகிறது என்பதற்குக் கால வரையறை எதுவும் கிடையாது, ப்ரொவைடர் (சிகிச்சை தருபவர்) எழுதியிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். வலியை அக்யூட், குரோனிக், ஆபரேஷனுக்குப் பிந்தையது, கேன்சரால் வந்தது என்று எந்த வகையிலும் குறிப்பிடாமல் விட்டிருந்தால் ஜி89-லிருந்து கோட் எடுக்கக் கூடாது. ஆறு மாதம் என்று எழுதியிருப்பதை வைத்து நாமாகக் குரோனிக் என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வருகிறது? ஒரே சார்ட்டைச் சுற்றி மூன்று வேறு அளவுகோல்கள் ஓடுகின்றன, டிரெய்னிங்கில் இதை யாரும் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடான ஐசிடி-11-ல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலி குரோனிக். அதைப் படித்த பிள்ளைகள் மூன்று மாதக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள், ஆனால் அமெரிக்கா இன்னும் ஐசிடி-10-சிஎம்-ல்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், 2021-லிருந்து ஆபீஸ் விசிட்டுக்கு இஅண்ட்எம் லெவலை (டாக்டர் பார்த்ததற்கான கட்டண நிலை) மெடிக்கல் டிசிஷன் மேக்கிங்கை வைத்தோ நேரத்தை வைத்தோ தீர்மானிக்கிறோம், அங்கே குரோனிக் இல்னஸ் என்றால் குறைந்தது ஒரு வருடமோ வாழ்நாள் முழுக்கவோ நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுவது. ஐசிடி பக்கம் கால வரையறையே இல்லை. லெவல் கொடுக்கும்போது ஒரு அளவுகோல், டயக்னோசிஸ் கொடுக்கும்போது வேறு அளவுகோல், ரெண்டையும் அதே கோடர் சில நிமிடத்துக்குள் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். இதைக் கற்றுத்தராமல் எரர் மட்டும் போட்டால் அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? எந்த ஆடிட்டர் எப்படிப் போடுவார் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். அதுதான் இன்று நடக்கிறது, இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்தது எந்தப் பக்கம் என்பது. 2025 அக்டோபர் 1-க்கு முன்பு ஃபிளாங்க் பெயினுக்கென்று தனி கோடே கிடையாது, வயிற்றுவலிக் கோடுகளுக்குள்தான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தோம். சிறுநீரகப் பக்கம் வலிக்கிற நோயாளி கணக்கில் வயிற்றுவலிக்காரராக நிற்பார். இப்போது ஆர்10.ஏ வந்துவிட்டது, வலது ஆர்10.ஏ1, இடது ஆர்10.ஏ2, இருபுறமும் ஆர்10.ஏ3, பக்கம் தெரியாவிட்டால் ஆர்10.ஏ0. தொட்டுப் பார்க்கும்போது வலிக்கிறது என்பதற்கும், அதாவது ஃபிளாங்க் டெண்டர்னஸுக்கும், தனியாகக் கோடுகள் வந்துவிட்டன. நல்ல மாற்றம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இதை ஃப்ளோருக்கு எப்படிக் கொண்டு வந்தீர்கள்? ஒரு எக்செல் ஷீட், ஒரு மெயில், "டீம், ப்ளீஸ் கோ த்ரூ" என்று ஒரு வரி, அவ்வளவுதான். விளைவு என்னவென்றால் சார்ட்டைத் தேடிப் பார்க்க நேரமில்லாத கோடர்கள் எல்லாவற்றுக்கும் ஆர்10.ஏ0 போடுகிறார்கள்.

பக்கம் எது என்பதில் கைட்லைன் நமக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறது, அதுவும் பலருக்குத் தெரியாது. டாக்டர் பக்கத்தைக் குறிப்பிடாவிட்டால் அதே ரெக்கார்டில் மற்ற கிளினிஷியன்கள் எழுதியதை வைத்து எடுக்கலாம். டிரையாஜ் நர்ஸ் "இடது ஃபிளாங்க்" என்று எழுதியிருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டும். "அன்ஸ்பெசிஃபைட்" பக்கத்தை அரிதாகத்தான் பயன்படுத்த வேண்டும். நான் சொன்ன சார்ட்டில் ஒரு இடத்தில் இடது, எக்ஸாமில் வலது. இங்கே கேட்பது கோடரின் விருப்பம் இல்லை, கடமை. கேட்கவும் அனுமதி இல்லை, ஊகிக்கவும் கூடாது, நேரமும் கிடையாது என்றால் மிச்சம் இருப்பது ஆர்10.ஏ0 மட்டும்தான். பக்கத்தைக் காட்டவே வந்த கோட் வரிசையை வைத்துக்கொண்டு பக்கம் தெரியாது என்று அனுப்புகிறோம்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. "கல் இருக்கலாம்" என்று டாக்டர் எழுதியதைப் பார்த்து கிட்னி கல்லுக்கான என்20.0 போட்ட சார்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவுட்பேஷண்டில் "இருக்கலாம்", "சந்தேகம்", "ரூல் அவுட்" என்றெல்லாம் எழுதியிருந்தால் அதை உறுதியான நோயாகக் கோட் செய்யக் கூடாது, அன்று தெரிந்த அறிகுறியைத்தான் கோட் செய்ய வேண்டும். இது பாலபாடம், சிபிசி என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்த எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் நடக்கிறது? இன்பேஷண்ட் ஃபெசிலிட்டி பக்கத்தில் டிஸ்சார்ஜ் வரைக்கும் சந்தேகமாகவே இருப்பதை இருப்பதாகவே கோட் செய்யலாம், அங்கே விதி வேறு. ஆள் குறைவு என்று இன்பேஷண்ட் டீமிலிருந்து வந்தவரை அவுட்பேஷண்டில் உட்கார வைக்கிறீர்கள், மறுவாரம் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறீர்கள், இடையில் ஒரு ரிஃப்ரெஷர் கூட இல்லை. கை பழக்கத்தில் போகிறது.

அந்த என்20.0 எங்கே போய் முடிகிறது என்று யோசித்தீர்களா? கிளெய்மில் போகிறது, அந்த நோயாளியின் இன்சூரன்ஸ் வரலாற்றில் போய் உட்கார்கிறது. தனக்கு நடந்தது என்ன என்று பார்க்க வருகிறவர், எந்த டாக்டரும் சொல்லாத ஒரு நோய் தன் கணக்கில் இருப்பதைப் பார்க்கிறார். 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்க நோயாளிகளால் டாக்டர் எழுதிய நோட்டையே தாமதமில்லாமல் ஆன்லைனில் படிக்க முடிகிறது, நோட்டில் ஒன்று, பில்லில் ஒன்று என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வயதான ஆண்களில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் சில நேரம் கிட்னி ஸ்டோன் மாதிரியே பக்கவலியாகத்தான் வெளிப்படும், மருத்துவப் பாடங்கள் எல்லாம் இதை எச்சரிக்கையாகச் சொல்கின்றன. ஏற்கெனவே கல் என்று பதிவாகியிருக்கிற ஒருவர் அடுத்த முறை அதே வலியோடு இன்னொரு மருத்துவமனைக்குப் போனால், அங்கே அவசரத்தில் இருப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது நாம் போட்ட அந்தக் கல்தான். நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, சரி. ஆனால் கண்டுபிடிக்க வேண்டியவர்களின் வழியில் பொய்யான ஒன்றை வைத்துவிட்டு வரக் கூடாது.

சிடி ரிப்போர்ட் வந்த பிறகு கதை மாறும். ரேடியாலஜி சார்ட்டைக் கோட் செய்பவர், ரேடியாலஜிஸ்ட் உறுதியாகக் கல் என்று எழுதியிருந்தால் அதை எடுக்கலாம். யூரிட்டரில் (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில்) கல் என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால் என்20.1 மட்டும் போதும், அந்த வலி கல்லோடு சேர்ந்தே வருவது, தனியாக ஃபிளாங்க் பெயின் கோட் தேவையில்லை. ஆனால் சிடியில் கிட்னிக்குள் அடைப்பில்லாத சின்னக் கல் ஒன்று தற்செயலாகத் தெரிந்து, அன்றைய கிளினிக் விசிட்டில் டாக்டர் வெறும் முதுகுவலி என்று மட்டுமே எழுதியிருந்தால், அந்தக் கல்தான் வலிக்குக் காரணம் என்று இணைத்துப் போட நமக்கு அதிகாரம் இல்லை. பல ஆண்டுகளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிற கல்லாக அது இருக்கலாம். இணைக்க வேண்டியவர் சிகிச்சை தருகிற டாக்டர்.

இப்போது அந்த சார்ட்டில் யாருமே தொடாத வரிக்கு வருகிறேன். புரோஸ்டேட் கேன்சர் சிகிச்சை முடிந்தது, முன்பு கல் வந்தது. முன்பு இருந்த நோய்களைக் காட்டும் கோடுகள் இவற்றுக்கு உண்டு: இசட்85.46, இசட்87.442. டார்கெட் அழுத்தத்தில் முதலில் பலியாவது இந்த இசட் கோடுகள்தான். "ஹிஸ்டரிதானே, பேமென்டுக்குத் தேவையில்லை" என்று டீம் லீடே சொல்வார். தேவைப்படும். முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்க அமெரிக்காவில் பல இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் ஆறு வாரம் மருந்து, உடற்பயிற்சி, பிசியோதெரபி என்று பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அபாய அறிகுறி எதுவும் இருந்தால் அந்த ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. கேன்சர் வந்த வரலாறு அப்படி ஓர் அபாய அறிகுறி. புரோஸ்டேட் கேன்சர் முதுகெலும்புக்குப் பரவக் கூடியது என்பதால்தான் டாக்டர் அந்த வரியை எழுதியே இருக்கிறார். நாம் அதை விட்டுவிட்டு எம்54.50 மட்டும் அனுப்பினால், ஸ்கேனுக்கு அங்கே நியாயம் இல்லாமல் போகிறது, சிஓ 50 என்று மெடிக்கல் நெசசிட்டி டினையல் (மருத்துவத் தேவை இல்லை என்று பணம் தர மறுப்பது) வந்து நிற்கிறது, ஏற்கெனவே வலியோடு இருக்கிற மனிதர் பில்லோடும் இன்சூரன்ஸ் கம்பெனியோடும் போராட வேண்டி வருகிறது.

டாக்டருக்கும் பாதிப்பு இருக்கிறது. ஹீடிஸ் என்ற அமெரிக்க மருத்துவத் தர அளவீடுகளில் கீழ்முதுகுவலிக்கென்றே ஒன்று உண்டு. 18 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களுக்கு முதுகுவலி என்று புதிதாகக் கண்டறிந்த 28 நாளுக்குள் தேவையில்லாமல் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுத்தார்களா என்று பார்ப்பது அது. கேன்சர் உள்ளவர்கள், இருந்தவர்கள், சமீபத்தில் அடிபட்டவர்கள் போன்றோரை அந்தக் கணக்கிலிருந்து விலக்குவார்கள். விலக்குவதற்கு அவர்கள் பார்ப்பது நோட்டை இல்லை, கிளெய்மில் இருக்கிற கோடுகளை. சரியான காரணத்துக்காக ஸ்கேன் எழுதிய டாக்டர் நாம் ஒரு இசட் கோடை விட்டதால் தேவையில்லாமல் ஸ்கேன் எழுதியவராகக் கணக்கில் வருகிறார். உங்கள் ஆடிட் ஷீட்டில் ஹிஸ்டரி கோட் விட்டதற்கு என்ன மதிப்பெண் குறைக்கிறீர்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த பெரும்பாலான ஷீட்டுகளில் அதற்கு மதிப்பே இல்லை.

சரி, அன்ஸ்பெசிஃபைட் கோடுகளைக் குறைப்பதாகச் சொல்லி வேறொன்று நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எம்54.5 என்ற கோடை 2021 அக்டோபரில் மூன்றாகப் பிரித்தார்கள். எம்54.50 குறிப்பிடப்படாத கீழ்முதுகுவலி, எம்54.51 வெர்டிப்ரோஜெனிக், எம்54.59 இதர வகை. சில கிளையன்ட்கள் டாஷ்போர்டில் அன்ஸ்பெசிஃபைட் சதவீதத்தைச் சிவப்பில் காட்டுகிறார்கள் என்பதற்காக, "50 வேண்டாம், 59 போடுங்க" என்று வாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கிற இடங்களை எனக்குத் தெரியும். மெயிலில் இருக்காது, ஹடிலில், டீமின் குட்டி மீட்டிங்கில் சொல்வார்கள். இது தவறு, தவறு என்று தெரிந்தே செய்வது. 59 போட வேண்டுமானால் டாக்டர் ஏதோ ஒரு வகையைக் குறிப்பிட்டிருக்க வேண்டும், அதற்குத் தனி கோட் இல்லாமல் இருக்க வேண்டும். வெறும் கீழ்முதுகுவலி என்று எழுதியிருந்தால் 50-தான் உண்மை. தகவல் இல்லாதபோது அன்ஸ்பெசிஃபைட் போடுவது ஏற்கத்தக்கது, சில நேரம் அதுதான் அவசியம், ரெக்கார்டில் ஆதாரம் இல்லாத குறிப்பான கோடை எடுப்பதுதான் கூடாது என்று கைட்லைனே சொல்கிறது. வெர்டிப்ரோஜெனிக் இன்னும் நுட்பமானது. முதுகெலும்பின் எண்ட்பிளேட்டிலிருந்து வருகிற வலி அது, டாக்டர் பரிசோதித்து, எம்ஆர்ஐ பார்த்து, அப்படித்தான் என்று எழுத வேண்டும். அதற்கான பேசிவெர்டிப்ரல் நர்வ் அப்லேஷன் என்ற சிகிச்சைக்கு 2022-லிருந்து தனி சிபிடி (சிகிச்சைக்கான கோட்), 64628, இருக்கிறது. அந்த ப்ரொசீஜரோடு சேர்ந்து வருகிறது என்பதற்காகக் கோடர் தானாக 51 எடுத்துவிட முடியாது.

டிஸ்க் தேய்மானத்திலும் இதே கதைதான். எம்51.36 என்று ஐந்து இலக்கத்தில் போட்டது 2024 அக்டோபரோடு முடிந்தது, முதுகில் மட்டும் வலியா, காலில் மட்டுமா, இரண்டிலுமா, வலியைப் பற்றிப் பேச்சே இல்லையா என்று பார்த்து 360, 361, 362, 369 என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஹெச்பிஐயும் (நோயின் போக்கை விவரிக்கும் பகுதி) அசெஸ்மென்டும் இரண்டையும் படித்தே ஆக வேண்டும், இரண்டு நிமிட சார்ட்டில் நடக்காது.

கம்ப்யூட்டர் தானாகப் பரிந்துரைக்கிற கோடுகளை நம்பித்தான் டார்கெட்டை ஏற்றினீர்கள் என்று தெரியும். அது உதவியாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரிவ்யூ ஆஃப் சிஸ்டம்ஸில் (அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிக்கும் பகுதியில்) முதுகுவலி இல்லை என்று எழுதியிருக்கிற இடத்திலிருந்து முதுகுவலியை எடுத்துக் கொடுத்ததையும், போன விசிட்டிலிருந்து காப்பி பேஸ்ட் ஆகி வந்த பழைய ஃபிளாங்க் பெயினை இன்றையதாக எடுத்துக் கொடுத்ததையும் நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரிந்துரையை நீக்கினால் காரணம் எழுத வேண்டும், ஏற்றுக்கொண்டால் ஒரு க்ளிக். நேரமில்லாதவர் எதைச் செய்வார்?

இனி குவெரி, அதாவது தெளிவில்லாததை டாக்டரிடம் கேட்பது. நம் ஊர் ஃப்ளோர்களில் குவெரி போடுகிற கோடரை வேலை தெரியாதவராகப் பார்க்கிற பழக்கம் ஒன்று ஊறிப்போயிருக்கிறது. சார்ட்டை ஹோல்டில் போட்டால் அன்றைய எண்ணிக்கையில் அது சேராது. ஹோல்ட் அதிகமானால் ஒன் ஆன் ஒன் மீட்டிங். "கிளையன்ட் கோபப்படுவாங்க" என்பார்கள். அமெரிக்காவில் ஏஹிமாவும் ஆக்டிஸும் (மருத்துவப் பதிவுத் துறையின் சங்கங்கள்) சேர்ந்து குவெரியை எப்படிப் போட வேண்டும் என்று வழிகாட்டியே வெளியிட்டு, 2022-ல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். அந்தத் தொழிலில் குவெரி என்பது அன்றாட வேலையின் பகுதி. டாக்டரை ஒரு பதிலை நோக்கித் தள்ளக் கூடாது, பணம் எவ்வளவு வரும் என்பதைக் குறிப்பிடக் கூடாது, ரெக்கார்டில் இருக்கிற ஆதாரத்தை எடுத்துக் காட்ட வேண்டும், இவைதான் அடிப்படை.

நான் சொன்ன சார்ட்டுக்குக் குவெரி எப்படி இருக்கும்? "ஹெச்பிஐயில் இடது ஃபிளாங்க் வலி என்றும் எக்ஸாமில் வலது பக்கம் தட்டினால் வலி என்றும் பதிவாகியுள்ளது. இந்த விசிட்டில் வலி எந்தப் பக்கம் என்பதைத் தெளிவுபடுத்தவும்: இடது, வலது, இருபுறமும், வேறு, சொல்ல இயலவில்லை." அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று: "ஆறு மாதமாகத் தொடரும் வலி என்று பதிவாகியுள்ளது. இந்த வலியின் தன்மையை உங்கள் மருத்துவ முடிவின்படி குறிப்பிடவும்: அக்யூட், குரோனிக், வேறு, தீர்மானிக்க இயலவில்லை." எந்த டாக்டரும் இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்குத் தெரிந்து நன்றி சொன்னவர்கள் உண்டு, டெம்ப்ளேட்டையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. டாக்டர்கள் மேல் மொத்தப் பழியையும் போட நான் வரவில்லை, ஒரு நாளில் அவ்வளவு நோயாளிகளைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நோட் முடிக்கிறவர்கள் அவர்கள். எங்கே இடறுகிறது என்று யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும், சொல்லக் கூடிய இடத்தில் இருப்பது கோடர்.

உங்கள் பக்க நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. சார்ட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுத்தான் வேலை வருகிறது, போட்டிக்கு இன்னொரு ஊரில் இன்னொரு நிறுவனம் விலையைக் குறைக்கிறது, கிளையன்ட் கேட்கிற 95 சதவீதத் தரமும் வேண்டும், டேர்ன் அரவுண்ட் டைமும் வேண்டும். ஆனால் அந்த 95 சதவீதத்தை எப்படி அளக்கிறோம் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. வேகமாகப் போட்ட ஆர்10.ஏ0 தப்பே இல்லை என்று போய், கேட்டுப் போட வேண்டிய ஆர்10.ஏ2-க்காக ஹோல்டில் வைத்தவர் மட்டும் எண்ணிக்கையில் பின்தங்குகிறார் என்றால், அந்த அளவுகோல் தரத்தை அளக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். காரணம் உறுதியாகாத முதுகுவலி, ஃபிளாங்க் வலி சார்ட்டுகளுக்குத் தனி டார்கெட் வையுங்கள், கால் எலும்பு முறிவோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஃப்ரெஷரிடம் கொடுப்பதானால் முதல் சில மாதத்துக்குப் பக்கத்தில் சீனியர் ஒருவரை உட்கார வையுங்கள். நியாயமான காரணத்தோடு போட்ட குவெரியை முடித்த சார்ட்டாகவே எண்ணுங்கள். ஆடிட்டர்கள் மாதம் ஒருமுறை ஒரே சார்ட்டைத் தனித்தனியாகக் கோட் செய்து, எங்கே வேறுபடுகிறார்கள் என்று பார்த்து, கைட்லைன் வரியைக் காட்டி முடிவு செய்து, அந்த முடிவை எழுத்தில் ஃப்ளோருக்குத் தரட்டும், குரோனிக் சண்டை அதோடு முடியும். "59 போடுங்க" என்ற வாய்மொழி உத்தரவை நிறுத்துங்கள், சொல்ல வேண்டியது எதுவானாலும் மெயிலில் சொல்லுங்கள். ஹிஸ்டரி கோட் விட்டால் அதை எரராக எண்ணுங்கள். கிளையன்டோடு பேசும் மீட்டிங்கில் ஒரு ஐந்து நிமிடம் டாக்குமென்டேஷனுக்கு ஒதுக்கி, எந்தப் பக்கம், எவ்வளவு நாள், குரோனிக்கா இல்லையா, காலுக்கு இறங்குகிறதா, முன்பு என்ன நோய் இருந்தது, என்ன சிகிச்சை செய்து பார்த்தார்கள், இந்தத் தகவல்கள் எந்தக் கிளினிக்கில் விடுபடுகின்றன என்று சொல்லுங்கள். உங்களிடம் அந்த டேட்டா ஏற்கெனவே இருக்கிறது, ஹோல்ட் பக்கெட்டிலும் டினையல் ரிப்போர்ட்டிலும் கிடக்கிறது, யாரும் எடுத்துக் கோர்க்கவில்லை.

டிரெய்னர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைக்ரோபயாலஜியும் ஜுவாலஜியும் பிசியோதெரபியும் நர்சிங்கும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இவர்கள். உடம்பு தெரியும், நோய் புரியும். வலி முதுகில் இருந்தும் காரணம் கிட்னியில் இருக்கலாம் என்பதை விளக்கினால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். கோட் நம்பரை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில் நோட்டைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், நம்பரை புக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 1-க்கான புதுக் கோடுகள் மறுபடி வரும், அதற்கான டிரெய்னிங் பிளான் சீக்கிரமே தயாராகும். அதில் இந்த வலி சார்ட்டுகளுக்கென்று அரை நாள் கேட்கிறேன். நோயாளி விவரம் எதுவும் இல்லாத பயிற்சி சார்ட்டுகளையும் மாதிரி குவெரிகளையும் எழுதித் தர நான் தயார், என்னோடு வேலை பார்த்த இன்னும் சில சீனியர்களும் ஷிஃப்ட் முடிந்த பிறகு வந்து உட்காரத் தயாராக இருக்கிறார்கள். எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் வருவோம், இதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சீனியர் கோடர்,
சென்னை